கால் மைலுக்கு ஒரு கியர் ராடு

மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் எவரும் அதைக் கெடுத்தவர் இல்லை, கெடுத்தவன் எப்போதும் இதற்கு முன் அதைத் தொட்ட பட்டறைக்காரன். ஜவுளிக்கடை, மருந்துக்கடை, பாத்திரக்கடை என்று வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்து வயிறு வளர்க்கிற உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே வசவைத் தின்கிறவர்கள்.

என் வேலை காரைக்காலில், தலத்தெருப் பக்கம், சவரிமுத்து முதலாளியின் பட்டறையில். சாமான் எடுத்துக் கொடுப்பது, ரசீது எழுதுவது, பிரெஞ்சில் காகிதம் வந்தால் வாசித்துச் சொல்வது, இவ்வளவுதான். என்னைச் சேர்த்ததே அந்த மூன்றாவது காரியத்துக்காக. குரல் எனக்குப் பிறவியிலேயே தாழ்வு. இரும்பு கடைகிற லேத்து ஓடுகிற இடத்தில் நான் பேசுவது எனக்கே கேட்காது. இப்போது சொல்லப்போவதெல்லாம் பிரெஞ்சுக் கொடி இறங்குவதற்கு முந்தின வருஷம் நடந்தவை.

பன்னிரண்டு சட்டம்

அந்த வருஷம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கூடி, கடற்கரைச் சாலையில் கார்ப் பந்தயம் விடுவது என்று தீர்மானித்தார்கள். இரண்டு இரண்டு வண்டியாக நின்ற இடத்திலிருந்து கிளம்பி, கால் மைல் நேராக ஓடி, கொடிக் கம்பத்தைத் தொட வேண்டும். பெயர் கொடுத்ததே இரண்டு வண்டிதான் என்பதால், இரண்டு இரண்டாக என்ற பேச்சு அத்தோடு நின்றுபோனது. வண்டிகள் இரண்டு என்றாலும் சட்டங்கள் பன்னிரண்டு. சீமையிலிருந்து யாரோ அனுப்பிய புத்தகத்தைப் பார்த்து பிரெஞ்சில் டைப் அடித்திருந்தார்கள். அதில் நாலு சட்டம் கியர் ராடைப் பற்றியது. ராடைக் கையால்தான் போட வேண்டும். ஓட்டுகிறவர் சீட்டை விட்டு நகராமல் எட்ட வேண்டும். எந்தக் கியர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற தகடு கண்ணுக்குத் தெரிய இருக்க வேண்டும். நாலாவதுதான் வில்லங்கம்: ஒரு கொக்கியைத் தூக்கினால் ஒழிய ராடு ரிவர்ஸில் விழக் கூடாது.

நியாயமான சட்டம்தான். ஒன்றாம் கியரிலிருந்து இரண்டாம் கியருக்குப் போகிற அவசரத்தில் கை கொஞ்சம் வழி தப்பினால், அடுத்த வாசல் ரிவர்ஸ். முன்னால் பறக்கிற வண்டியை அதற்குள் தள்ளினால் கியர் பாக்ஸுக்குள் இருக்கிற பல்லெல்லாம் வெளியே வந்துவிடும்.

எனக்கு அப்போது ஆறு மாதப் பரீட்சைக் காலம் முடிகிற சமயம். நிரந்தரம் ஆகாவிட்டால் சைகோனுக்குக் கப்பல் ஏற வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அங்கே மாமா சிறைச்சாலையில் காவலராக இருந்தார். எனக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருந்தார். சண்டை நடக்கிற ஊர். அதனால்தான் அங்கே அத்தனை இடம் காலியாக இருந்தது என்பதை யாரும் எடுத்துச் சொல்லி அப்பாவை வருத்தவில்லை. முதலாளிக்கு இதெல்லாம் தெரியும். சட்டக் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு பாட்டு வரியைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "விழிதியூர்ப் பிள்ளை வண்டிக்கு நாமதான் ராடு போடுறோம். பரிசோதனையில தேறிச்சின்னா உனக்கு வேலை நிரந்தரம். தேறலைன்னா கப்பல்ல ஜன்னலோரமா பாத்து உக்காரு தம்பி."

ராடு பார்க்கும் படலம்

விழிதியூர் வைத்திலிங்கம் பிள்ளைக்கு நிலம் எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது. ஆனால் அவர் வண்டியின் கியர் ராடு ஆடுகிற ஆட்டம் ஊருக்கே தெரியும். மேசையில் மூன்று ராடுகளைத் துடைத்து வைத்தோம். பிள்ளை பெண் பார்க்க வந்த சம்பந்தி மாதிரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தார். முதலாவது ஸ்டீரிங்கோடு ஒட்டி வருகிற ராடு. நல்ல சாமான், ஆனால் தெருவில் நிற்பவர்களுக்கு அவர் கியர் போடுவது தெரியாது; அதனால் வேண்டாம். இரண்டாவது பட்டாளத்து ஜீப்பில் கழற்றிய குட்டை ராடு. மூன்றாவது ஒரு லாரியின் ராடு, மார்பு உயரம். அந்த லாரி எந்த ஊர், யார் வீட்டு லாரி, ஆயுசு எப்படி முடிந்தது என்று விசாரித்தார். கோட்டுச்சேரிப் பக்கம் வாய்க்காலில் கவிழ்ந்தது என்றேன். முகம் சுருங்கியது. கவிழ்ந்ததில் யாருக்கும் காயமில்லை, மூட்டைகூட நனையவில்லை என்று முதலாளி உடனே ஜாதகத்தைத் திருத்தினார்.

ரிவர்ஸ் கொக்கி ஜீப் ராடில் மட்டும்தான் ஏற்கெனவே இருக்கிறது, சட்டப்படி அதுதான் சரி என்று நான் சொன்னேன். லேத்து ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவையும் சொன்னேன். பிள்ளை என் வாய் அசைவதைப் பார்த்து, ஆமோதிக்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு, லாரி ராடைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் ராடை விரலால் ஒதுக்கி அவர் சொன்னது: "இம்மாத்தூண்டு கம்பியப் புடிச்சிக்கிட்டுப் போனா, பிள்ளை வண்டிக்குக் கியரே இல்லைன்னுல்ல சொல்லுவான்."

ரகசியத் தகடு

எதிர் வண்டி ஹமீது மரைக்காயருடையது. சைகோனில் வியாபாரம் பண்ணிவிட்டுத் திரும்பும்போது காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர். அதன் கியர் ராடு ஸ்டீரிங்குக்குப் பக்கத்தில் முன்பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கொக்கியும் அதிலேயே உண்டு. சட்டத்துக்கென்றே செய்த மாதிரி ஒரு வண்டி. குறை ஒன்றே ஒன்று, தகடு இல்லை. அதை அடித்துக் கொடுக்கத்தான் எங்கள் பட்டறைக்கு வந்தார்.

தகட்டில் ரிவர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்றும், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ரிவர்ஸ் என்றும் வெட்டச் சொன்னார். இடம் மாறியிருக்கிறதே என்றேன். தெரிந்துதான் சொல்கிறேன் என்றார். எங்கள் லேத்துக்காரர் ஷேக் கனி அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு வந்து, "என்ன நானா, உங்க வண்டிக்கே வழி தப்பாச் சொல்றீங்க" என்று மரைக்காயரை அண்ணன் முறை வைத்துக் கேட்டார். மரைக்காயர் வாசலைத் திரும்பிப் பார்த்து, யாரும் இல்லை என்று நிச்சயித்துக்கொண்டு, குரலை என் அளவுக்குத் தாழ்த்தினார்: "எது எங்க இருக்குன்னு உள்ளபடி எழுதி வெச்சா, பிள்ளை எட்டிப் பாத்துக்க மாட்டாரா? எனக்குத்தான் மனப்பாடம் ஆச்சே, தம்பி."

பின்னால் போகாத வண்டி

லாரி ராடுக்குக் கனி அண்ணன் நாலு நாள் உட்கார்ந்து கொக்கி செய்தார். பிடிக்குக் கீழே ஒரு வளையம். அதை மேலே இழுத்தால்தான் ராடு ரிவர்ஸுக்குப் போகும். உள்ளே ஒரு ஸ்பிரிங். அழகான வேலை. ராடைப் பூட்டி முடித்ததும் பூசை. சந்தனம், குங்குமம், ராடின் உச்சியில் ஒரு முழம் கதம்பம், நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். வண்டியும் அதன்படி முன்னால் நகர்ந்து பழங்களை நசுக்கி, மூக்கு சுவரில் முட்ட நின்றது.

இனி அது வெளியே போக வேண்டும். பட்டறைக்கு வாசல் ஒன்று. அது வண்டிக்குப் பின்னால் இருந்தது. புது ராடு போட்ட வண்டி கப்பு வாங்குகிற வரைக்கும் பின்னால் ஓர் அடிகூட வைக்கக் கூடாது என்றார் பிள்ளை. கையால் தள்ளிவிடுகிறோம் என்றோம். யார் தள்ளினாலும் சக்கரம் பின்னால்தானே சுற்றுகிறது என்று சாஸ்திரம் சொன்னார். ரிவர்ஸை ஒரு தடவை போட்டுப் பார்த்தால்தான் ஸ்பிரிங் சரியா என்று தெரியும் என்று கனி அண்ணன் கெஞ்சினார். நடக்கவில்லை. கடைசியில் பக்கவாட்டில் இருந்த கீற்று வேலியைப் பிரித்து, அடுத்த வீட்டு வாழைத் தோட்டத்துக்குள் வண்டியை விட்டு, ஏழு வாழையைச் சாய்த்து, அந்தப் பக்கத்துத் தெருவில் ஏற்றினோம். அடுத்த வீட்டுக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. கனி அண்ணன் பொறுக்க மாட்டாமல், ரிவர்ஸே வேண்டாம் என்கிறவருக்கு எதற்கு நாலு நாள் கொக்கி செய்தோம் என்று கேட்டார். பிள்ளை வண்டிக்குள்ளிருந்து வாழைச்சருகைத் தட்டிவிட்டுக்கொண்டே பதில் சொன்னார்: "கொக்கி சட்டத்துக்கு, பாயி. ரிவர்ஸ் எனக்கு வேணாம்."

நான் எழுதிய ஒரு வரி

பந்தயத்துக்கு முந்தின நாள், பட்டறை சர்டிபிகேட் வேண்டும் என்று கமிட்டி ஆள் அனுப்பியது. கொக்கியும் ரிவர்ஸும் சோதித்தாயிற்று என்று பிரெஞ்சில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார் முதலாளி. எழுத உட்கார்ந்தேன். கொக்கி சோதித்தது உண்மை. ரிவர்ஸ் சோதிக்காததும் உண்மை. பேனா இரண்டையும் எழுதிவிட்டது: 'கொக்கி சோதிக்கப்பட்டது, உரிமையாளர் சம்மதிக்காததால் ரிவர்ஸ் சோதிக்கப்படவில்லை.' இதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பொய்யைப் பிரெஞ்சில் எழுத எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலாளி அந்தக் காகிதத்தை மேலும் கீழும் பார்த்து, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டி, அவரும் ஓரத்தில் ஒன்று போட்டு அனுப்பிவிட்டார். சாயங்காலம் கை கழுவுகிற இடத்தில் கனி அண்ணனிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் சோப்பை என்னிடம் நீட்டினார். பிறகு கேட்டார்: "அப்ப டிரங்குப் பெட்டிக்குச் சொல்லிட்டியா, தம்பி?"

மணலில் பரிசோதனை

ஞாயிற்றுக்கிழமை காலை, கடற்கரைச் சாலை முழுக்கத் தலை. பரிசோதகர் சுங்கத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழர்தான், ஆனாலும் வெள்ளைக்கார துரையைக் கூப்பிடுவது போல ஊரில் எல்லோருக்கும் அவர் முசியே. முதலில் மரைக்காயரின் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நானே ஓட்டிக் காட்டுகிறேனே என்று மரைக்காயர் சொல்லச் சொல்ல, முசியே தகட்டைப் பார்த்தார், ஒன்று என்று எழுதியிருந்த இடத்துக்கு ராடு போகாமல் முரண்டவே கொக்கியைத் தூக்கிப் போட்டார், கிளச்சை விட்டார். வண்டி பின்னால் கிளம்பி, கமிட்டிக்காரர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சின் மீது மெள்ள உட்கார்ந்தது. கமிட்டிக்காரர்கள் அதற்கு முன்பே எழுந்துவிட்டார்கள், எதிர்பாராத சுறுசுறுப்போடு. தகட்டுச் சட்டப்படி மரைக்காயரின் வண்டி தள்ளுபடி.

பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஒற்றை வண்டிக்கு ஏது தோல்வி? ஆனால் முசியே என் சர்டிபிகேட்டை எடுத்துப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். ரிவர்ஸ் காட்டினால்தான் முத்திரை என்றார். பிள்ளை முடியாது என்றார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் பாதிக் கடல் தாண்டிவிட்டேன். பத்து நிமிஷம் இழுபறி நடந்தது. பிறகு பிள்ளைக்கு ஞானோதயம் ஆயிற்று. வண்டியை மணலில் இறக்கி முன்னாலேயே வட்டமடித்து, கொடிக்கு முதுகைக் காட்டி நிறுத்தினார். இப்போது ரிவர்ஸ் போட்டால் வண்டி கொடிப் பக்கமாகத்தானே போகும்? அப்படியானால் அது முன்னேற்றம்தானே? சக்கரம் எந்தப் பக்கம் சுற்றினாலும் குற்றமில்லை என்று சாஸ்திரம் நாலே நாளில் திருத்தப்பட்டுவிட்டது.

வளையத்தைத் தூக்காமல் ராடைத் தள்ளிப் பார்த்தார் முசியே, விழவில்லை. தூக்கித் தள்ளச் சொன்னார்; விழுந்தது. வண்டி கொடிப் பக்கமாகப் பத்தடி பின்னேறி நின்றது. முத்திரை குத்தியாயிற்று. பிள்ளை ராடை ரிவர்ஸிலிருந்து எடுக்கப் போனார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். கதம்பம்தான் கையோடு வந்தது. கனி அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் உடைந்து குறுக்கே விழுந்திருக்கிறது, கியர் பாக்ஸைத் திறக்க அரை நாள் ஆகும் என்றார். முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார்: "தேறினது சரி. ஓடலைன்னா பட்டறை பேரு போச்சு. ஜன்னலோரம் இல்லாட்டியும் கப்பல் கப்பல்தான்."

சட்டம் சொல்லாதது

ஓடாத வண்டிக்குக் கப்பு கிடையாது என்று கமிட்டிக்காரர்கள் எழுந்து கிளம்பத் தயாரானார்கள். சட்டைப் பையில் பன்னிரண்டு சட்டமும் இருந்தது. அதை எடுத்து மறுபடியும் படித்தேன். கடைசிச் சட்டத்துக்கு வந்ததும் முசியேயிடம் போய், இதைக் கொஞ்சம் பாருங்கள் என்றேன். கேட்கவில்லை என்றார். மறுபடியும் சொன்னேன். அவர் கையை உயர்த்தினார். கூட்டம் வாயை மூடிற்று. என் வாழ்நாளில் எனக்காக ஓர் ஊர் வாயை மூடியது அதுதான் முதல் தடவை. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கவேயில்லை.

பிரெஞ்சில் வாசித்து, தமிழிலும் சொன்னேன். வண்டி தன் இஞ்சின் பலத்தில், கோட்டிலிருந்து கிளம்பி, சாலையை விட்டு இறங்காமல் கொடிக் கம்பத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான். முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று இல்லை. எந்தக் கியர் என்றும் இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் இது அநியாயம் என்றார். மரைக்காயர் அல்லாவை நினைத்துக்கொண்டார். முசியே காகிதத்தை வாங்கி வரி வரியாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார்: "முப்பது வருஷம் சுங்கத்துல இருந்தவன் நான். காகிதத்துல இல்லாததை நான் பாக்கறதில்லை. ஓட்டச் சொல்லுங்க."

கால் மைல்

எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைக் கோட்டுக்குத் தள்ளினார்கள். பிள்ளை கிளச்சை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பச் சொல்லிக் கைக்கொடி அசைந்தது. வண்டி கொடிக் கம்பத்தை நோக்கி முதுகால் புறப்பட்டது. ரிவர்ஸ் கியருக்கு வேகம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அது போட்ட கூச்சல் மட்டும் அறுபது மைல் வேகத்துக்குக் குறையாது. ஒரு சைக்கிள்காரர் பக்கத்திலேயே வந்து, இடது பக்கம் ஒடியுங்கள், வலது பக்கம் ஒடியுங்கள் என்று யோசனை சொன்னார். பாதி வழியில் அவருக்கே அலுத்துவிட்டது. முந்திக்கொண்டு போய் கம்பத்தடியில் காத்திருந்தார்.

பிள்ளைக்கு மட்டும் அலுக்கவில்லை. முன்னால் ஓடியிருந்தால் ஜனங்கள் அவர் வண்டியின் புழுதியைத்தான் பார்த்திருப்பார்கள். இப்போதோ கோட்டில் நின்ற அத்தனை பேரும் கால் மைல் முழுக்க அவர் முகத்தையும், மார்பளவு ராடைப் பிடித்த அவர் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவரும் பின்னால் பார்க்க வேண்டிய நேரத்தில் பாதியை முன்னால் பார்த்துக் கும்பிடுவதில் செலவழித்தார். பின்பக்கத்து பம்பர் கம்பத்தை முட்டியது, கம்பம் சாய்ந்தது, தொட்டதாகக் கணக்கு. கனி அண்ணன் கை எண்ணெயைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நாலு நாள் நான் செஞ்ச கொக்கி அது. ரிவர்ஸ் விழாம இருக்கச் செஞ்சது. இதை எவன்கிட்டயும் சொல்லிடாத."

நிரந்தரம்

திங்கட்கிழமை காலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, வேலை நிரந்தரம் என்றார். அப்பா மாமாவுக்குக் கடிதம் எழுதிவிட்டார். சைகோனில் எனக்காகக் காத்திருந்த இடத்தை வேறு யாராவது நிரப்பட்டும் என்று. நிரந்தரமானவனுக்கு முதல் உத்தரவு: விழிதியூருக்குப் போய்ப் பிள்ளை வண்டியின் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டு வா.

கனி அண்ணனும் நானும் சாமான் பெட்டியோடு பஸ்ஸில் போய் இறங்கினோம். பிள்ளை முந்தின நாள் விழிதியூர் வரைக்கும் ரிவர்ஸிலேயே வந்திருந்தார். கழுத்தில் ஒற்றடம் நடந்துகொண்டிருந்தது. வண்டி வாசலில் தெருவைப் பார்த்து நின்றது. முன்கண்ணாடிக்குப் பின்னால் கப்பு. பார்க்க வந்தவர்களுக்கு ஓர் ஆள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கனி அண்ணன் பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுக்கப் போனார். பிள்ளை தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி, எங்களைத் தடுத்தார்: "முன்னால ஓடுற வண்டி இந்த ஜில்லாவுல எவ்வளவோ இருக்கு. கப்பு வாங்கினது இது ஒண்ணுதான். கைய வெக்காதீங்க."

சட்டப்படி ஒரு கியர் ராடு வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், வண்டி எந்தப் பக்கம் போக உத்தேசம் என்பதைத்தான் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்கிறேன், அதுவும் லேத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு.